ஆக்ரா பலூன் முதல் மாலத்தீவு ட்ரோன் வரை: ஆளில்லாமல் வானத்தை அளந்த கதை

கல்யாண மண்டபத்தில் தலைக்கு மேலே வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு ஒரு கருவி பறந்தால், இப்போது யாரும் அண்ணாந்து பார்ப்பதுகூட இல்லை. "வீடியோக்காரர் ட்ரோன் விடுகிறார்" என்று சாப்பாட்டுப் பந்தியைப் பார்க்கப் போய்விடுகிறோம். போர்ச் செய்திகளிலும் இதே பெயர் தினமும் அடிபடுகிறது. ஆனால் ட்ரோனுக்கு மூன்றாவது முகம் ஒன்று உண்டு. காற்று, மேகம், பனிமலை, காடு ஆகியவற்றை அளக்கும் அறிவியல் கருவி என்ற முகம் அது. அந்த முகத்தின் வரலாற்றில் நம் நாட்டுக்கும், பிழைப்பையும் படிப்பையும் தேடி ஊர்விட்டு ஊர் போன நம்மவர் சிலருக்கும் பெரிய பங்கு உண்டு. இந்தக் கட்டுரை அந்தப் பங்கைப் பற்றியது.

ஆக்ராவில் ஓர் ஆய்வு நிலையம்

ஆக்ரா என்றதும் தாஜ்மகால் ஞாபகம் வரும், பேட்டா மிட்டாய் ஞாபகம் வரும். ஊரிலிருந்து உறவுக்காரர் வந்தால் நாமே பத்து தடவை கூட்டிக்கொண்டு போயிருப்போம். அதே ஊரில் 1914-ஆம் ஆண்டு இந்திய வானிலைத் துறை ஒரு மேல்வளி ஆய்வு நிலையத்தைத் தொடங்கியது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அப்போது வானிலைத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர். பருவமழை ஏன் சில ஆண்டுகளில் பொய்க்கிறது என்ற கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர். தரையில் வெப்பமானியை வைத்து அளந்தால் மட்டும் போதாது, மேலே என்ன நடக்கிறது என்று தெரியவேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்ததுதான் அந்த நிலையம். ஜே. எச். ஃபீல்டு என்ற ஆங்கிலேய வானிலையாளர் அதைக் கட்டி எழுப்பினார்.

அங்கே கையாண்ட முறை எளிமையானது. ஹைட்ரஜன் நிரப்பிய ரப்பர் பலூனில், கைக்கு அடக்கமான ஒரு பதிவுக் கருவியைக் கட்டி மேலே விடுவார்கள். பலூன் ஏற ஏற, காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அந்தக் கருவியின் முள் ஒரு சிறு உலோகத் தகட்டில் கீறிக்கொண்டே போகும். மிக உயரத்தில் பலூன் விரிந்து வெடிக்கும். கருவி எங்கோ ஒரு கோதுமை வயலில் வந்து விழும். அதைக் கண்டெடுத்துத் திருப்பிக் கொடுப்பவருக்குச் சன்மானம் உண்டு. சன்மானத்துக்காகக் கருவியை எடுத்து வந்து கொடுத்த பெயர் தெரியாத குடியானவர்கள் இல்லாவிட்டால் அந்த ஆராய்ச்சியே நடந்திருக்காது. வானிலிருந்து சேதி அனுப்ப ரேடியோ வசதி வராத காலம் அது.

ஆள் ஏறாமல் கருவியை மட்டும் வானத்துக்கு அனுப்புவது, அது கொண்டுவரும் அளவுகளை வைத்துக் கணக்குப் போடுவது என்பதுதானே ட்ரோனின் அடிப்படை? பலூனுக்கு வழி சொல்ல முடியாது, காற்று இழுத்த இடத்துக்குப் போகும். ட்ரோனுக்கு வழி சொல்லலாம். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த வித்தியாசத்தைக் கடக்க முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

முதல் ராமநாதன்

ஆக்ரா பலூன்கள் கொண்டுவந்த தகடுகளை வைத்து உலகமே கவனிக்கும் ஒரு முடிவைச் சொன்னவர் கல்பாத்தி ராமகிருஷ்ண ராமநாதன். 1893-இல் பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்தவர். தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியேறி வாழ்ந்த அக்கிரகாரம் அது. கல்கத்தாவில் சர் சி. வி. ராமனோடு சேர்ந்து ஒளிச்சிதறல் ஆராய்ச்சி செய்தார், ரங்கூனில் ஆசிரியராக இருந்தார், 1925-இல் வானிலைத் துறைக்கு வந்தார். பாலக்காடு, கல்கத்தா, ரங்கூன், ஆக்ரா என்று அவர் போன ஊர்களின் பட்டியலே அன்றைய படித்த தமிழரின் வரைபடம் மாதிரி இருக்கிறது.

1929-இல் 'நேச்சர்' இதழில் அவர் எழுதிய ஆய்வுக்குறிப்பு பிரசித்தி பெற்றது. பூமத்திய ரேகைப் பக்கம் சூடு அதிகம், துருவத்தின் பக்கம் குளிர் அதிகம் என்பது நமக்குத் தெரிந்த பள்ளிக்கூடப் பாடம். தரையில் அது சரி. ஆனால் மேலே சுமார் 16, 17 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனால் விஷயம் தலைகீழ். அங்கே வெப்பமண்டலத்தின் மேலுள்ள காற்றுதான் துருவத்தின் மேலுள்ள காற்றைவிடக் குளிர்ந்து கிடக்கிறது. இதை ஒரே படத்தில் வரைந்து காட்டினார் ராமநாதன். பிற்காலத்தில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராக 1966 வரை இருந்து, ஓசோன் ஆராய்ச்சியில் ஒரு தலைமுறையையே உருவாக்கினார். தரையில் நின்று ஊகித்தது மேலே போய் அளந்ததும் தவறாகிவிடலாம் என்பதற்கு அவருடைய படம் சாட்சி. நம் கதையின் அடுத்த கட்டங்களிலும் இதே பாடம்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

தென்னந்தோப்புக்கு மேலே ஹெலிகாப்டர்

காற்றை அளப்பது ஒன்று, மேலிருந்து தரையை அளப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது வகைக்கு நம் நாட்டில் பிள்ளையார் சுழி போட்டது ஒரு தென்னை நோய். கேரளத்தில் வேர் வாடல் நோய் தென்னந்தோப்புகளை அரித்துக்கொண்டிருந்தது. 1970-இல் பிஷாரத் ராம பிஷாரடி என்ற விஞ்ஞானி, ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புக் கதிரை உணரும் ஃபிலிமில் தோப்புகளைப் படம் பிடிக்க ஏற்பாடு செய்தார். இவரும் பாலக்காட்டுப் பக்கம், கொல்லங்கோட்டுக்காரர். வானிலைத் துறையில் வளர்ந்தவர்.

ஏன் அகச்சிவப்பு? ஆரோக்கியமான இலை நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்தாலும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத்தான் மிக அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது. இலைக்குள் கோளாறு வந்தால் அந்த ஒளி முதலில் குறையும். மஞ்சளிப்பது பிறகுதான். அதனால் கீழே நின்று பார்க்கும் தோட்டக்காரருக்குத் தெரியுமுன்பே படத்தில் நோயாளி மரம் நிறம் மாறித் தெரியும். இந்தச் சோதனைதான் இந்தியத் தொலையுணர்வின் தொடக்கம் என்று சொல்வது வழக்கம். பிஷாரடியை அத்துறையின் தந்தை என்றே குறிப்பிடுகிறார்கள்.

அங்கிருந்து பாதை செயற்கைக்கோளுக்குப் போயிற்று. 1979-இல் பாஸ்கரா, 1988 மார்ச் 17-இல் ஐ.ஆர்.எஸ்-1ஏ. ஐ.ஆர்.எஸ்-1ஏ தன் முதல் வகைக் கேமராவில் பார்த்த மிகச் சிறிய புள்ளி தரையில் 72.5 மீட்டர் அகலம். இரண்டாவது வகையில் அதில் பாதி. ஒரே இடத்தை மறுபடி பார்க்க 22 நாள். நாடு முழுக்க எங்கே காடு, எங்கே தரிசு என்று சொல்ல அது தாராளமாகப் போதும். ஆனால் ஒரு தோப்பில் எந்த மரத்துக்கு நோய் என்று சொல்ல அதனால் முடியாது. செயற்கைக்கோளுக்கும் தரையில் நிற்கும் மனிதனுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்துகொண்டே வந்தது. ஹெலிகாப்டர் அதை நிரப்பும்தான். ஆனால் அதற்கு ஆகும் செலவை யார் தினமும் கொடுப்பது?

அட்லாண்டிக்கைத் தாண்டிய குட்டி விமானம்

இந்த இடைவெளியில்தான் சிறிய ஆளில்லா விமானங்கள் நுழைந்தன. 1998 ஆகஸ்டில் ஏரோசோண்ட் வகையைச் சேர்ந்த ஒரு குட்டி விமானம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பி ஸ்காட்லாந்து தீவு ஒன்றில் இறங்கியது. சுமார் 3,270 கிலோமீட்டர், ஏறத்தாழ 27 மணி நேரம். செலவான எரிபொருள் 7 லிட்டருக்கும் குறைவு. நம்ம ஸ்கூட்டரின் டாங்கி கொள்ளுகிற அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் கூரையின் மேல் வைத்து, காரை ஓட்டி, அந்த வேகத்தில் பறக்கவிட்டார்கள். பலூன் போய் அளக்க முடியாத நடுக்கடல் வானிலையை அளப்பதுதான் இந்த விமான வகையின் நோக்கம். 2005-இல் இதே வகை விமானம் ஒஃபீலியா என்ற சூறாவளிக்குள் அனுப்பப்பட்டு, மனிதரை ஏற்றிய விமானம் துணியாத தாழ்ந்த உயரத்தில் காற்றை அளந்தது.

இரண்டாவது ராமநாதன்

அடுத்த கட்டத்தின் நாயகர் வீரபத்ரன் ராமநாதன். 1944-இல் சென்னையில் பிறந்தவர். பதினோராவது வயதில் குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. அதுவரை தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு அங்கே ஆங்கில வகுப்பு புரியவில்லை. ஆசிரியர் சொல்வதைக் கேட்கும் பழக்கமே விட்டுப்போய், எல்லாவற்றையும் தானே யோசித்துப் புரிந்துகொள்ள வேண்டியதாயிற்று என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஊர் மாறி, பள்ளி மாறித் திண்டாடும் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் கொஞ்சம் தெம்பு வரும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்ததும் செகந்திராபாத்தில் குளிர்சாதனப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. பெட்டியிலிருந்து குளிரூட்டும் வாயு ஏன் கசிந்து போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் பொறுப்பு. பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், அப்புறம் அமெரிக்கா. 1975-இல் அதே வகை வாயுக்களைப் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரை உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அந்த வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயு மூலக்கூறு ஒன்றைப்போலப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் என்று காட்டினார். தொழிற்சாலையில் கசிவாக இருந்தது வானத்தில் வேறு வேலை செய்துகொண்டிருந்தது.

1999-இல் ராமநாதனும் பல நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து இந்துமாக் கடல் பரிசோதனையை நடத்தினார்கள். சி-130 போன்ற பெரிய விமானங்கள், கப்பல்கள், மாலத்தீவில் ஒரு தரை நிலையம் எல்லாம் அதில் உண்டு. குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று தெற்காசியாவிலிருந்து கடலை நோக்கி வீசும்போது, சுமார் 3 கிலோமீட்டர் தடிமனுள்ள பழுப்புப் புகைமூட்டம் கடலின் மேல் படர்ந்து கிடப்பதைக் கண்டார்கள். வாகனப் புகை, ஆலைப் புகை, விறகு, வறட்டி, வயல் எரிப்பு எல்லாம் கலந்த புகை அது.

2002-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு இதை 'ஆசியப் பழுப்பு மேகம்' என்று பெயரிட்டு அறிக்கை வெளியிட்டதும் பெரிய சர்ச்சை கிளம்பியது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஜே. சீனிவாசன், சுலோசனா காட்கில் இருவரும் அதே ஆண்டு 'கரண்ட் சயின்ஸ்' இதழில் கடுமையான மறுப்பு எழுதினார்கள். கோடைக்கு முந்தைய சில மாதத்து அளவை வைத்து ஆண்டு முழுவதற்குமான பருவமழையைப் பற்றி எப்படிப் பேசலாம், ஆசியாவுக்கு மட்டும் ஏன் இந்தப் பட்டம் என்ற கேள்விகள் எழுந்தன. பிறகு 'வளிமண்டலப் பழுப்பு மேகம்' என்று பெயர் பொதுவாக்கப்பட்டது. மறுப்பைத் தேசாபிமானக் கோபம் என்று தள்ளிவிட முடியாது. அளவு போதவில்லை என்பது நியாயமான வாதம். அதற்குச் சரியான பதில் இன்னும் நன்றாக அளப்பதுதான்.

ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று விமானம்

அடிப்படைக் கேள்வி இதுதான். புகை சூரிய ஒளியைத் தடுத்துத் தரையைக் குளிர்விக்கிறது என்பது தெரியும். ஆனால் தடுத்த ஒளி எங்கே போகிறது? வெள்ளைத் துகள் என்றால் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். கரித்துகள் என்றால் விழுங்கிக்கொள்ளும், விழுங்கினால் சுற்றியிருக்கும் காற்று சூடாகும். குடும்பக் கணக்கு மாதிரிதான். மேலே வந்த வரவு எவ்வளவு, கீழே போன செலவு எவ்வளவு என்று தெரிந்தால் நடுவில் நின்றது எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்துக்கு நேராக அளக்கவேண்டும். ஒரே விமானம் மேலே அளந்துவிட்டுக் கீழே இறங்கி வருவதற்குள் மேகம் நகர்ந்துவிடும், கணக்கு உதைக்கும். பெரிய விமானங்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக, நெருக்கமாக, நாள்கணக்கில் பறக்கவிடுவது செலவுக்கும் ஆகாது, ஆபத்தும்கூட.

2006 மார்ச்சில் மாலத்தீவின் வடகோடியில் உள்ள ஹனிமாதூ தீவிலிருந்து ராமநாதன் குழு மூன்று சிறிய ஆளில்லா விமானங்களை அனுப்பியது. ஒன்று மேகத்துக்குக் கீழே, ஒன்று மேகத்துக்குள், ஒன்று மேகத்துக்கு மேலே. மூன்றும் ஒரே கோட்டில், சில விநாடி வித்தியாசத்தில். கணினியில் பதிந்த பாதையில் தாமாகவே பறந்தன. அவற்றில் துகள்களை எண்ணும் கருவி, கரியின் அளவைச் சொல்லும் கருவி, மேலும் கீழும் ஒளியை அளக்கும் கருவி என்று சில கிலோ எடைக்குள் அடக்கியிருந்தார்கள். இந்தக் கருவிகளைச் சுருக்குவதுதான் உண்மையான பாடு. விமானம் கடையில் கிடைக்கும், அளவுகருவி கிடைக்காது. 18 முறை வெற்றிகரமாகப் பறந்தன.

முடிவு 2007 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வந்தது. கீழ் வளிமண்டலம் சூரிய ஒளியால் அடையும் வெப்பத்தை இந்தப் புகை சுமார் 50 சதவீதம் கூட்டியிருக்கிறது. புகை ஒரு குடை, நிழல் தருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த பலருக்கு இது அதிர்ச்சி. குடைதான், ஆனால் குடையே கொதிக்கிறது. இதைக் கணினி மாதிரியில் போட்டுப் பார்த்து, பசுங்குடில் வாயுக்களும் பழுப்பு மேகமும் சேர்ந்தால் இமயப் பனிமலைகள் சுருங்குவதற்குக் காரணம் சொல்லப் போதுமானது என்றும் அக்கட்டுரை கூறியது. இதில் கரியின் பங்கு இவ்வளவுதான் என்று அறுதியிடுவதில் விஞ்ஞானிகளிடையே விவாதம் தொடர்கிறது. ஆனால் 'கரி காற்றைச் சூடாக்குகிறது' என்பது ஊகம் என்ற நிலையிலிருந்து நேரடி அளவு என்ற நிலைக்கு வந்துவிட்டது. 1929-இல் ஆக்ரா தகடு சொன்ன பாடமும் இதுவேதான்.

பனிமலையும் பறக்கும் அனுமதியும்

அதற்குப்பின் ட்ரோன் மலிந்தது. 2013-இல் நேபாளத்தின் லிருங் பனியாற்றின் மேல் நெதர்லாந்து விஞ்ஞானிகளும் காத்மாண்டு ஆய்வு மையத்தினரும் மே மாதத்தில் ஒரு தடவை, அக்டோபரில் ஒரு தடவை ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுத்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டபோது, கல்லும் மண்ணும் மூடிய பனி மெதுவாகவும், நடுநடுவே தென்படும் பனிச் சுவர்களும் குட்டைகளும் மிக வேகமாகவும் உருகுவது தெரிந்தது. பழைய செயற்கைக்கோள் படத்தில் இவ்வளவு நுணுக்கம் தெரியாது. அதே 2013 ஜூனில் உத்தராகண்ட் வெள்ளத்தின்போது, நம் நாட்டிலேயே தயாரான 'நேத்ரா' ட்ரோன் சிக்கியவர்களைத் தேடப் பயன்பட்டது.

ஆனால் 2014 அக்டோபரில் விமானப் போக்குவரத்து இயக்ககம், விதிமுறைகள் வரும்வரை பொதுமக்கள் ட்ரோன் பறக்கவிடக் கூடாது என்று அறிவித்தது. விதிமுறைகள் நடைமுறைக்கு வந்தது 2018 டிசம்பரில். பாதுகாப்புக் கவலை நியாயமானதுதான். என்றாலும் உலகம் வேகமாக ஓடிய நான்கு ஆண்டுகளில் நம் ஆராய்ச்சி மாணவர்கள் மனு எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பதும் நிஜம். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள்தான் நிலைமையை மாற்றின. படிவங்கள் 25-லிருந்து 5 ஆயின. நாட்டின் வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டது. பச்சைப் பகுதியில் 400 அடி வரை முன்அனுமதி இல்லாமல் பறக்கலாம்.

இதற்கிடையே 2020-இல் 'ஸ்வாமித்வா' திட்டம் தொடங்கி, கிராமத்து வீட்டு மனைகளை ட்ரோன் மூலம் அளக்கும் பணியை இந்திய நில அளவைத் துறை ஏற்றது. 1802-இல் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே சங்கிலி பிடித்து வாரக்கணக்கில் அடிக்கோடு அளந்து தொடங்கிய வேலைக்கு இது ஒரு புதிய அத்தியாயம்.

ட்ரோனே சர்வரோக நிவாரணி என்று யாரும் நினைக்க வேண்டாம். சாதாரண ட்ரோனின் பேட்டரி அரை மணி நேரம் தாங்கினால் பெரிது. காற்று பலமானால் இறக்கிவிட வேண்டும். உயர்ந்த மலையில் காற்று மெலிந்திருப்பதால் இறக்கைக்குப் பிடிப்பு குறையும். செயற்கைக்கோள் நாட்டைப் பார்க்கும், ட்ரோன் தோட்டத்தைப் பார்க்கும், தரை நிலையம் ஒரே இடத்தில் இருந்துகொண்டு வருஷக்கணக்கில் காவல் காக்கும். ஹனிமாதூவிலும் தரை ஆய்வு நிலையம் இருந்ததால்தான் பறந்து அளந்தது சரியா என்று ஒத்துப் பார்க்க முடிந்தது.

அளந்த பிறகு?

மாலத்தீவுக்கு மேலே அளந்த கரி எங்கிருந்தோ வந்ததல்ல. தில்லி, கான்பூர், கல்கத்தா, மும்பை என்று நாம் வாழும் ஊர்களிலிருந்தும், நம்மைச் சுற்றியுள்ள கிராமத்து அடுப்புகளிலிருந்தும் கிளம்பியது. நவம்பர் மாதம் கண் எரிந்து, குழந்தைக்கு இருமல் வந்து டாக்டரிடம் ஓடும்போது நாம் சுவாசிப்பதும் அதே வகைப் புகைதான்.

இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. கரியமில வாயு ஒருமுறை வானத்துக்குப் போனால் நூற்றாண்டுக் கணக்கில் அதன் பாதிப்பு நிற்கும். கரித்துகள் அப்படியில்லை. ஒரு வாரம், பத்து நாளில் மழையோடோ தானாகவோ கீழே வந்துவிடும். இன்று புகையை நிறுத்தினால் பலனை நாமே கண்ணால் பார்க்கலாம், பேரன் பேத்தி காலம்வரை காத்திருக்க வேண்டாம். ராமநாதன் ஆராய்ச்சிக் கட்டுரையோடு நின்றுவிடாமல் 'சூர்யா' திட்டம் என்ற பெயரில் உத்தரப் பிரதேசக் கிராமத்துக்குப் போய்ப் புகை குறைந்த அடுப்புகளைச் சோதித்துப் பார்த்தது இதனால்தான். அடுப்புப் புகையில் இருமிக்கொண்டே சமைத்த பாட்டியைச் சிறுவயதில் பார்த்தவர் அவர். அதே மாநிலத்தின் பலியாவில் 2016 மே 1-இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் கோடிக்கணக்கான வீடுகளுக்கு எரிவாயு இணைப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் இணைப்பு கிடைத்த வீட்டில் அடுத்த சிலிண்டர் வாங்கக் காசு இருக்கிறதா என்பதைப் பொறுத்தே புகை குறையும். அதை எந்த ட்ரோனும் மேலிருந்து பார்த்துச் சொல்லாது. வீட்டுக்குள் போய்த்தான் கேட்கவேண்டும்.

அன்று ஆக்ராவைச் சுற்றியிருந்த வயல்களில் விழுந்த கருவியைத் திருப்பிக் கொடுத்த விவசாயிக்குச் சன்மானம் கிடைத்தது. அது என்ன சொன்னது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்று அளக்கப்படுவது நம் வீட்டுக் காற்று, நம் ஆற்றின் பனி, நம் பிள்ளைகளின் நுரையீரல். அளந்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதைத் தாய்மொழியில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கு உண்டு. எந்த ஊரில் குடியிருந்தாலும் அந்த உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.